ஆய்வுக் குழுவின் ஜீப் எங்கே நிற்கிறது?

அடி அண்ணாமலையில் நிலக்கரி கிடையாது. ஆனால் சுரங்கம் என்ற சொல் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. திருவண்ணாமலையை ஒட்டிய கவுத்தி மலை, வேடியப்பன் மலைகளில் இரும்புத் தாது எடுக்க, டிட்கோவும் ஜிண்டால் நிறுவனமும் சேர்ந்த திட்டத்துக்கு 325 ஹெக்டேர் காட்டைக் கேட்டார்கள். 2008இல் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் சுற்றுவட்டார மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். உச்ச நீதிமன்றத்தின் மத்திய அதிகாரக் குழுவும் திட்டத்தை ஏற்கவில்லை. மலையைக் காத்தது அண்ணாமலையார்தான் என்று யாராவது சொல்லிக்கொள்ளட்டும். மக்கள் எழுந்து பேச ஒரு கூட்டம் இருந்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

அந்தக் கூட்டத்தைத்தான் இப்போது ஒன்றிய அரசு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்குகிறது. ஏற்கெனவே 40 விழுக்காடு விரிவாக்க அனுமதி பெற்ற நிலக்கரிச் சுரங்கங்கள், மக்களிடம் மீண்டும் கேட்காமலேயே 50 விழுக்காடு வரை போகலாம் என்று 2022இல் சொன்னது. 2025 செப்டம்பரில் அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் கருத்துக்கேட்பே வேண்டாம் என்றது. அதிகாரிகளின் ஆய்வு போதுமாம்.

அந்த ஆய்வு எப்படி நடக்கிறது? நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். மேலே மலை உடைவதில்லை, தூசி குறைவு, ஆகவே பாதிப்பும் குறைவு என்பார்கள். ஆனால் சுரங்கத்துக்குள் ஊறும் நீரை இரவும் பகலும் இறைத்தால் சுற்றியுள்ள கிணறுகள் வற்றும். கரியை எடுத்த வெற்றிடத்தின் கூரை சரிந்தால் மேலே வயல் வெடிக்கும், வீட்டுச் சுவர் பிளக்கும். ஜாரியாவில் 1916இல் கண்டறியப்பட்ட நிலத்தடித் தீ நூறு ஆண்டு கடந்தும் எரிகிறது. இதையெல்லாம் அளக்கக் கருவிகள் உண்டு, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தண்ணீர் மாதிரியை எந்தக் கிணற்றில் எடுத்தார்கள்? ஊர்க் கிணற்றிலா, காலனிக் கிணற்றிலா? சுற்றுச்சூழல் அறிக்கையில் சாதிக்குக் கிடைக்கும் இடம், பட்டியல் சாதியினர் இத்தனை பேர், பழங்குடியினர் இத்தனை பேர் என்ற மக்கள்தொகை வரிதான். வயல் வெடித்தால் பட்டா வைத்திருப்பவருக்கு இழப்பீடு பேசலாம். அந்த வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கிய அக்காவின் கையில் என்ன காகிதம் இருக்கிறது?

வேறு மாதிரியும் ஆய்வு செய்யலாம் என்று காட்டியவர் அண்ணல் அம்பேத்கர். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அவர், 1943 டிசம்பரில் அதே ஜாரியாவுக்குப் போனார். கோப்பைப் புரட்டிவிட்டுத் திரும்பவில்லை. சுரங்கத்துக்குள் இறங்கி வேலை நடப்பதைப் பார்த்தார். மேலே வந்து தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் நுழைந்தார், கூலியை விசாரித்தார். அங்கே கரி வெட்டியவர்களில் பெரும்பகுதி பவுரி முதலான ஒடுக்கப்பட்ட சாதியினரும் சந்தால் பழங்குடியினரும். அடுத்த மாதமே, 1944 ஜனவரியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது.

பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யக் கூடாது என்ற தடையைப் போரைக் காரணம் காட்டி அதே 1943இல் அரசு தளர்த்தியிருந்தது. 1944 பிப்ரவரியில் மத்திய சட்டமன்றத்தில் அதற்குப் பதில் சொல்லி அரசின் முடிவை ஆதரிக்க வேண்டிய நாற்காலியில் அம்பேத்கரே இருந்தார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தடை 1946இல் திரும்ப வந்தது. முடிவில் உங்களுக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர் யாரைப் பற்றிப் பேசினாரோ அவர்களை நேரில் பார்த்துவிட்டுப் பேசினார்.

இன்று ஆய்வுக் குழுவின் ஜீப் ஊராட்சி அலுவலகத்தில் நிற்கும், கோயில் முன்னால் நிற்கும். சேரிக்குள் திரும்பாது.

தோழர்களே, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இன்னும் நடைமுறையில்தான் இருக்கிறது. விலக்கு தரப்படாத திட்டங்களுக்குக் கூட்டம் நடத்த 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அறிக்கைச் சுருக்கம் உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் சுரங்கம் வருகிறது என்றால் முதலில் அந்தத் தமிழ்ச் சுருக்கத்தை வாங்குங்கள். மாதிரி எடுத்த இடங்களின் பட்டியலைப் பாருங்கள். அதில் காலனி இல்லையென்றால், கூட்டத்தில் அதை எழுத்து மூலம் பதிவு செய்யுங்கள்.