உம்மா இருக்கையில் பங்கு பேசலாமா?



வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மாவின் இத்தாவும் முடிந்துவிட்டது. பிள்ளைகளில் ஒருவர் மெல்ல வாய் திறந்து, "வாப்பாவின் காணி பூமியை என்ன செய்வது?" என்று கேட்கிறார். உடனே பெரியவர்கள், "உம்மா உயிரோடு இருக்கும்போது பங்கு பேசுவது அழகா?" என்று அந்தப் பேச்சை அடக்கிவிடுகிறார்கள். கேட்டவர் வெட்கித் தலைகுனிகிறார். நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் இது நடக்கிறது. கேட்பதற்கு இந்த வார்த்தை உம்மாவுக்குச் செய்யும் மரியாதை போல இருக்கிறது. ஆனால் மார்க்கம் என்ன சொல்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

உஹது யுத்தம் ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் நடந்தது. அதில் ஸஃது இப்னு ரபீஉ (ரழி) அவர்கள் ஷஹீதானார்கள். அவர்களுடைய மனைவி தம் இரு பெண் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். பிள்ளைகளின் சாச்சா சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார் என்றும், ஒன்றுமில்லாத இந்தப் பெண்களை எப்படிக் கரைசேர்ப்பது என்றும் முறையிட்டார். இதில் அல்லாஹ் தீர்ப்பளிப்பான் என்று நபியவர்கள் கூறினார்கள். பின்னர் வாரிசுரிமை பற்றிய வசனம் இறங்கியது. நபியவர்கள் அந்தச் சாச்சாவை அழைப்பித்து, பெண் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டும், அவர்களின் தாய்க்கு எட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டு எஞ்சியதை எடுத்துக்கொள்ளும்படி பணித்தார்கள். ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கே உம்மா உயிரோடுதான் இருந்தார். பங்கு கேட்டு வந்தவரே அவர்தான். "கணவர் மௌத்தாகிச் சொற்ப காலம்தானே, அதற்குள் சொத்துப் பேச்சா?" என்று நபியவர்கள் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அப்படியானால் நாம் எந்த ஆதாரத்தைக் கொண்டு பிள்ளைகளின் வாயை அடைக்கிறோம்?

கணக்கைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஒருவர் மனைவியையும், இரண்டு ஆண் பிள்ளைகளையும், மூன்று பெண் பிள்ளைகளையும் விட்டு மரணிக்கிறார். அவருடைய பெற்றோர் முன்பே மரணித்துவிட்டனர் என்று வைத்துக்கொள்வோம். சொத்தை எட்டுப் பங்காக்கினால் மனைவிக்கு 1, ஆண் பிள்ளைகளுக்கு இவ்விரண்டாக 4, பெண் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாக 3. இந்த எட்டும் அவர் மௌத்தான அந்த நேரத்திலேயே எட்டாகிவிட்டன. ஜனாஸாச் செலவு, கடன், வஸிய்யத் ஆகியவை போக மீதியில் ஒவ்வொருவரும் அன்றே சொந்தக்காரர். உம்மாவும் தன் பங்குக்குச் சொந்தக்காரிதான். ஆனால் முழுச் சொத்துக்கும் அவர் சொந்தக்காரி அல்ல. மௌத்தானவரின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கு ஆறில் ஒன்று உண்டு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பங்கிடாமல் வைத்திருக்கும்போது நடப்பது என்ன? கடை வாடகையை மூத்த மகன் வாங்குகிறார். வயல் விளைச்சல் இன்னொருவர் வீட்டுக்குப் போகிறது. தூர ஊரில் வாழ்க்கைப்பட்ட மகளுக்குப் பெருநாளைக்கு ஒரு சாரி வருகிறது. பத்து வருடம் கழித்து அந்த மகளும் மௌத்தாகிறார். இப்போது அவருடைய எட்டில் ஒரு பங்கு அவர் கணவர், உம்மா, பிள்ளைகள் என்று மீண்டும் பிரிகிறது. இரண்டு தலைமுறை போனால் இருபது முப்பது பேர் சேர்ந்து கையொப்பமிட்டாலன்றி அந்தக் காணியை விற்கவும் முடியாது, ஈடு வைக்கவும் முடியாது. கடைசியில் மாவட்ட நீதிமன்றத்தில் பிரிவினை வழக்கு. குடும்பம் பிரிந்துவிடும் என்று பயந்து தள்ளிப்போட்ட காரியமே குடும்பத்தைப் பிரித்துவிடுகிறது.

"தங்கச்சி ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்" என்று சிலர் சொல்வார்கள். அவளுக்கு எவ்வளவு வரும் என்று எடுத்துச் சொன்னீர்களா? அதை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தீர்களா? கொடுத்த பிறகு அவள் மனமுவந்து, "காக்கா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் அது ஹலால். கணக்கும் தெரியாமல், கேட்டால் தாய் வீட்டு உறவு அற்றுப்போகும் என்ற பயத்தில் சொல்லும் "வேண்டாம்" எப்படி மனப்பொருத்தமாகும்?

கிழக்கிலங்கையில் பெண் பிள்ளைக்கு வீடு எழுதிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. "உனக்கு வீடு தந்துவிட்டோம், இனி முதுசத்தில் பங்கில்லை" என்று வாப்பா உயிரோடு இருக்கும்போதே சொல்லிவைப்பவர்களும் உண்டு. வாப்பா இருக்கும்வரை வாரிசுரிமையே உண்டாகவில்லை. உண்டாகாத உரிமையை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது. கொடுத்த வீடு ஹிபா, அதாவது அன்பளிப்பு. முதுசம் வேறு. அதேநேரம், மூத்தவளுக்கு மாடி வீடும் இளையவளுக்கு வெறும் வளவும், ஆண் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்ற நிலையும் சரியல்ல. நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களுக்கு மட்டும் அன்பளிப்புச் செய்த தந்தையிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டார்கள். அவர் இல்லை என்றதும், அல்லாஹ்வைப் பயந்து பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது உள்ளது.

ஆகவே வாப்பாமாரே! நீங்கள் திடகாத்திரமாக இருக்கும்போதே ஒரு கொப்பியை எடுத்து எழுதுங்கள். யாருக்குக் கடன்? மனைவியின் மஹர் கொடுபட்டுவிட்டதா? கொடுபடாத மஹரும் கடன்தான்; பங்குக்கு முன் அது கொடுக்கப்பட வேண்டும். வீட்டின் மேல்மாடி மகன் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய காசில் கட்டியதா? அப்படியானால் அது உங்களுக்குத் தந்த அன்பளிப்பா, கடனா, அவருடைய சொந்தமா என்பதை இப்போதே பேசி எழுதுங்கள். பிறகு பேசினால் சாட்சி சொல்ல நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

பேரப்பிள்ளைகளையும் மறக்காதீர்கள். உங்கள் மகன் ஒருவர் உங்களுக்கு முன் மௌத்தாகி, வேறொரு மகன் உயிரோடிருந்தால் அந்த யதீம் பிள்ளைகளுக்கு முதுசத்தில் பங்கு வராது. அவர்களுக்கு வஸிய்யத் எழுதலாம். 1946இல் எகிப்து இதைச் சட்டமாகவே ஆக்கியது. நம் நாட்டில் அப்படிச் சட்டமில்லை. நீங்கள் எழுதினால்தான் உண்டு. வஸிய்யத் மூன்றில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. வாரிசாக வரக்கூடியவருக்கு எழுதினால், மற்ற வாரிசுகள் உங்கள் மௌத்துக்குப் பின் சம்மதித்தால்தான் அது செல்லும்.

நாட்டுச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மரணசாசனம் எழுதாமல் மரணிக்கும் முஸ்லிமின் சொத்து, 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, அவர் சார்ந்த பிரிவின் முஸ்லிம் சட்டத்தின்படியே பங்கிடப்படும். நன்கொடை உறுதியை மீட்க முடியாது என்று அந்த உறுதியிலேயே எழுதப்படாவிட்டால் அது மீட்க முடியாததாகக் கருதப்படாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. மரணசாசனத்தை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளுடன் எழுதலாம். நாட்டுச் சட்டம் மூன்றில் ஒன்று என்ற எல்லையைப் போடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு முழுச் சொத்தையும் ஒரு பிள்ளைக்கு எழுதிவைப்பவர் நீதிமன்றத்தில் வெல்லலாம். அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வார்?

பிள்ளைகளே! பங்கிடுவதென்றால் உம்மாவை வீட்டைவிட்டு எழுப்புவதல்ல. யார் யாருக்கு எவ்வளவு என்று ஆலிம் ஒருவரிடம் கணக்குப் பார்த்து, உறுதியில் எழுதிவிடுங்கள். பிறகு பருவமடைந்த வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து, "உம்மா ஹயாத்தோடு இருக்கும்வரை இந்த வீட்டிலேயே இருக்கட்டும்" என்று பொருந்திக்கொள்ளுங்கள். அதுவே உண்மையான மரியாதை. ஆனால் சிறு பிள்ளைகளின் பங்கை விட்டுக்கொடுக்க எவருக்கும் அதிகாரமில்லை. யதீம்களின் சொத்தை அநியாயமாக உண்பவர்கள் தம் வயிறுகளில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்று ஸூரதுந் நிஸாவின் 10ஆம் வசனம் எச்சரிக்கிறது. வாரிசுரிமைப் பங்குகளைச் சொல்லும் வசனம் அதற்கு அடுத்துத்தான் வருகிறது.

இந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் உம்மாவையும் சகோதர சகோதரிகளையும் கூட்டி உட்காருங்கள். உங்கள் வீட்டில் பங்கிடாத முதுசம் இருந்தால் நீங்களே அந்தப் பேச்சை எடுங்கள். பங்கு கேட்க வெட்கப்படும் சகோதரி வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பிறர் ஹக்கைச் சுமந்த நிலையில் மௌத்தாவதை விட்டும் அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக! ஆமீன்.