தோள் முறிவுக்குத் தகடு அவசியமா?

கிணற்றடியில் வழுக்கி, கையை ஊன்றியபடி விழும்போது மேற்கை என்பு தோள்மூட்டுக்கு அருகில் முறிவதுண்டு. மாதவிடாய் நின்றபின் என்பு வலுவிழப்பதால், இம்முறிவு வயதான பெண்களுக்கே அதிகம் ஏற்படுகிறது. கையைத் தூக்க முடியாது, தோள் வீங்கும். சில நாட்களில் கண்டல் முழங்கை வரை இறங்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் கை குளிர்ந்தாலோ, விறைத்தாலோ, விரல்களை அசைக்க முடியாவிட்டாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். எக்ஸ்றே எடுக்குமுன் எண்ணெய் பூசி உருவ விடாதீர்கள்.

"தகடு வைக்கவேண்டும்" என்றதும் சிலர் பயப்படுகிறார்கள். தகடு வைக்காவிட்டால், "கவனிக்காமல் விட்டுவிட்டார்களோ" என்று சிலர் கலங்குகிறார்கள். என்புத் துண்டுகள் அதிகம் விலகாவிட்டால், கழுத்திலிருந்து கையைத் தாங்கும் துணிக்கட்டே பெரும்பாலும் போதும். விலகிய முறிவுகளிலும் எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படுவதில்லை. பிரித்தானியாவில் இத்தகைய முறிவுள்ள 250 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் இடையில், இரண்டு ஆண்டுகளின் பின் கையின் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

மூட்டும் விலகியிருந்தால், என்பின் தலைப்பகுதி பிளந்திருந்தால், அல்லது இளவயதினருக்குத் துண்டுகள் வெகுவாக விலகியிருந்தால், தகடு வைப்பது பற்றி வைத்தியர் யோசிப்பார். துண்டுகளைப் பொருத்தி, என்பின் வெளிப்புறத்தில் தகட்டை வைத்துத் திருகாணிகளால் இறுக்குவார்கள். திருகாணிகள் தகட்டோடும் பூட்டிக்கொள்வதால், வலுக்குறைந்த என்பிலும் ஓரளவு பிடிப்பு இருக்கும். கிருமித்தொற்று, திருகாணி மூட்டுக்குள் துருத்துதல், இரத்தோட்டம் குறைந்து என்பின் தலை சிதைதல் போன்ற ஆபத்துகளும் உண்டு. தொல்லை தராவிட்டால் தகட்டை எடுக்கவேண்டியதில்லை.

சம்மதம் தெரிவித்துக் கையொப்பமிடுமுன் கேளுங்கள்: "எனக்கு இது ஏன் தேவை? செய்யாவிட்டால் என்னவாகும்? தகட்டுக்கு நான் பணம் செலுத்தவேண்டுமா?" நீங்களும் சில விடயங்களைச் சொல்லவேண்டும். உடலில் பழைய ஷெல் துண்டு இருந்தால் மறைக்காதீர்கள். மற்றக் கையை இழந்தவரா, ஊன்றுகோலில் நடப்பவரா, வீட்டில் உழைப்பவர் நீங்கள் மட்டும்தானா என்பதையும் சொல்லுங்கள். இவற்றில் பல எக்ஸ்றேயில் தெரியாதவை. ஆனால் சிகிச்சையைத் தீர்மானிக்க வைத்தியருக்கு உதவுபவை.

எந்தச் சிகிச்சையானாலும் தோள் இறுகிப்போகாமல் காப்பது பயிற்சியே. முதல் நாட்களிலேயே விரல், மணிக்கட்டு, முழங்கையை அசையுங்கள். வைத்தியர் அனுமதித்ததும், முன்னே குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல்போல் மெல்ல ஆட்டுங்கள். தண்ணீர் வாளியும் விறகும் தூக்க மூன்று மாதமளவு பொறுத்திருங்கள். அதுவரை அயலவரிடம் உதவி கேட்பதில் வெட்கமில்லை. நாளை அவர்களுக்கும் உங்கள் கை உதவும்.