காப்பீட்டு அட்டை இருந்தும் முன்பணமா?

இடுப்பெலும்பு முறிந்த எங்கள் தெருப் பெரியம்மாவை, காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வாங்கிக்கொண்டே, "20,000 கட்டுங்க" என்றார்கள். கம்மலை அடகு வைத்துக் கட்டினோம். ரசீதுக்குப் பதில் துண்டுச்சீட்டு. மருத்துவர் மூன்று நாளில் ஒருமுறை எட்டிப்பார்த்தார். முகவரியில் 'காலனி' என்று படித்ததும் 'நீங்க' 'நீ' ஆனதையும் கவனித்தோம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை தருவது இத்திட்டம். அரசு தரும் தொகை போதவில்லை என்கிறது நிர்வாகம். இருக்கலாம், அதை அரசிடமல்லவா கேட்க வேண்டும்? கூலிக்காரர் மடியில் ஏன் கைவைக்க வேண்டும்?

திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்தோம். ரசீது இல்லாததால் துண்டுச்சீட்டோடு அடகுச்சீட்டின் நகலையும் இணைத்திருக்கிறோம். பணம் கட்டிய தேதி அதில்தான் இருக்கிறது.