பொந்தியானாக் செய்த குற்றம் என்ன?

பேய்ப் படங்கள் வெறும் பொழுதுபோக்கு, அவற்றில் ஆராய ஒன்றுமில்லை என்று கூறுவார் உளர். ஒரு சமுதாயம் எவரைக் கண்டு அஞ்சுகிறது, எவரை வெறுக்கிறது என்பதை அறிய அவற்றினும் நேர்மையான சான்று கிடைப்பதரிது. மேடையில் சொல்லக் கூசுவதை, இருட்டுக் கொட்டகையில் அது கூசாமல் சொல்லிவிடுகிறது.

1957இல் கேத்தே-கெரிஸ் நிறுவனம் வெளியிட்ட 'பொந்தியானாக்' என்னும் மலாய்ப் படத்தை எடுத்துக்கொள்ளலாம். இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ், பேயாக நடித்தவர் மரியா மெனாடோ. கூனும் விகாரமும் கொண்ட ஒருத்தி மந்திரத்தால் அழகு பெறுகிறாள். இரத்தத்தைச் சுவைக்கலாகாது என்பது நிபந்தனை. கணவனைப் பாம்பு தீண்டுகிறது. நஞ்சை உறிஞ்சுமாறு அவனே மன்றாடுகிறான். உறிஞ்சுகிறாள்; பேயாகிறாள். கட்டியவன் உயிரைக் காக்க முனைந்ததே அவள் செய்த குற்றம்!

நாட்டார் நம்பிக்கையோ இதனினும் கொடிது. பிள்ளைப்பேற்றில் மாண்டவளே பொந்தியானாக் ஆகிறாள். பிடரியில் ஆணி அறைந்துவிட்டால் அழகும் அடக்கமும் உள்ள மனைவியாகிவிடுவாளாம். மருத்துவச்சியின்றி, மருந்தின்றி மாண்டவள் ஊரைக் குற்றம் சாட்ட வேண்டியவள். ஊர் முந்திக்கொண்டு அவளையே குற்றவாளியாக்கிவிட்டது.

தமிழர் மட்டும் என்ன செய்தனர்? பழையனூர் நீலி கணவனால் கொலையுண்டவள். அவள் பழி தீர்க்க வந்து அழுத அழுகை மட்டும் ஊருக்கு நினைவில் நின்றது. கொன்றவன் பெயரில் ஒரு பழமொழியும் இல்லை. கொலையுண்டவள் கண்ணீரோ 'நீலிக்கண்ணீர்' என்று பொய்யழுகைக்குப் பெயராயிற்று.

மேலை நாட்டாரும் விதிவிலக்கல்லர். 1931இல் வந்த 'டிராகுலா'வில் ஹங்கேரியரான பெலா லுகோசியின் அயல்நாட்டு உச்சரிப்பே பாதி அச்சத்தை ஊட்டியது. அதே ஆண்டு வந்த 'பிராங்கன்ஸ்டைன்' படத்தில் தீப்பந்தம் ஏந்திக் காற்றாலையைக் கொளுத்திய கூட்டத்தை எவரும் பேய்க்கூட்டம் என்று சொல்லவில்லை.

அழுகின்ற குழந்தையை அடக்க 'இந்தியன் வந்து பிடித்துப் போவான்' என்று மிரட்டும் வழக்கம் இந்நாட்டுப் பிற இனத்தார் வீடுகள் சிலவற்றில் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பிலும் கிள்ளான் தோட்டங்களிலும் வெயிலில் உழைத்த கறுத்த மேனி, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பேயாயிற்று. இதைக் கேட்டுத் தமிழர் கொதிப்பது நியாயமே. ஆயின் அவர்தம் வீட்டுப் பூச்சாண்டி யார்? திருநீறு பூசி வாசலில் பிச்சைக்கு நின்ற ஆண்டியே பூச்சாண்டி என்பாரும் உளர். ஏழையைக் காட்டித்தான் அங்கும் சோறூட்டப்பட்டது.

2011இல் வந்த 'காஞ்சனா'வில் கொலையுண்ட திருநங்கை ஒருத்தி பேயாக வந்து பழி தீர்க்கிறாள். சரத்குமார் அப்பாத்திரத்தில் தோன்றியதும் கொட்டகைகள் அதிர்ந்தன. செத்த பிறகு அவளுக்குக் கிடைத்த கைதட்டல் அது. உயிரோடு வந்து ஓர் அறை வாடகைக்குக் கேட்டால், கைதட்டியவர்களுள் எத்தனை பேர் கதவைத் திறப்பர்?