வழிகாட்டியின் கூலி

மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களில் இரண்டு தலைமுறையினர் உண்டு. ஆலைகளில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் ஒரு சாரார். மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் பிள்ளைகள் மற்றொரு சாரார். முதல் தலைமுறை நிரந்தர வைப்பைப் புதுப்பிக்க வருகிறது. இரண்டாம் தலைமுறை பெற்றோரை வெளிநாடு அழைத்துச் செல்லப் பணம் மாற்ற வருகிறது. சில சமயம் இருவரும் ஒரே நாளில் ஒரே மேசைக்கு வந்து, ஒருவர் சேமித்ததை மற்றவர் செலவிடுவது சரியா என்று நம்மையே நடுவராக்கிவிடுவதும் உண்டு.

சென்ற ஆண்டு அப்படி ஒரு குடும்பம் வந்தது. கும்பகோணத்திற்கு அருகிலிருந்து வந்து, மைசூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்ட தம்பதியர். மகனும் மருமகளும் அவர்களை இத்தாலிக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்திருந்தனர். பயணத்திட்டத்தில் ஒரே ஒரு வரியைத்தான் பெரியவரால் ஏற்க முடியவில்லை. புளோரன்ஸ் நகரிலிருந்து கியான்டி திராட்சை நாட்டிற்குத் தனிக் காரில், வழிகாட்டியுடன் ஒரு நாள். நால்வருக்கும் சேர்த்து 600 யூரோ.

"பஸ் இருக்கும்போது இது எதற்கு சார்? அதுவும் எங்கள் இருவருக்கும் குடிப்பழக்கமே கிடையாது" என்றார் அவர்.

கேள்வி நியாயமானது. யூரோவுக்கு 100 ரூபாய் என்று எளிமைக்காக வைத்துக்கொண்டால் 60,000 ரூபாய்; தலைக்கு 15,000. ஒரே ஒரு நாளுக்கு இது பெருந்தொகை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த வரியை அடிக்க வேண்டாம் என்றே நான் சொன்னேன். அதற்கான காரணங்களைச் சொல்வதோடு, அந்தக் காரணங்கள் நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரவு செலவுக் கணக்கைப் பார்ப்போம். தனிக் காருக்கு மாற்று, வாடகைக் காரை நாமே ஓட்டிச் செல்வது. இந்திய ஓட்டுநர் உரிமத்துடன் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சான்றும் அதற்கு வேண்டும். இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையலாம். நுழைவாயிலில் கண்காணிப்புக் கருவி உண்டு. தெரியாமல் நுழைந்தவருக்கு அபராதச் சீட்டு பல மாதங்கள் கழித்து வீடு தேடி வருகிறது. வாடகை நிறுவனத்தின் கையாள்கைக் கட்டணம் கடன் அட்டையில் தனியே ஏறுகிறது. ஒயின் சுவைப்பவர் வண்டி ஓட்ட முடியாது என்பது மற்றொரு தடை. 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் என்பதே அங்குள்ள வரம்பு. ஆக, நால்வரில் ஒருவர் அன்று முழுவதும் பாதையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனால் இவையெல்லாம் ஓட்டுநருக்குக் கூலி கொடுப்பதற்கான காரணங்கள்தாம். வழிகாட்டிக்குக் கொடுப்பதற்கான காரணம் வேறு.

புளோரன்ஸுக்கும் சியனாவுக்கும் இடையே குன்றுகளில் வளைந்து செல்லும் கியான்டிச் சாலையில் நாம் கண்ணால் காண்பவை வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள், ஒலிவ மரங்கள், கல் வீடுகள், சைப்ரஸ் மரங்கள். அரைமணி நேரத்தில் கண் பழகிவிடும். பிறகு உறக்கம் வரும். அந்தக் காட்சிக்குப் பொருள் தருவது உடன் வருபவரின் சொல். 1716ஆம் ஆண்டிலேயே டஸ்கனியின் ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ கியான்டி ஒயினின் எல்லைகளை ஆணையிட்டு வரையறுத்தார். நம் நாட்டில் இன்று புவிசார் குறியீடு என்கிறோமே, அதன் மூத்த முன்னோடிகளுள் ஒன்று அந்த ஆணை. கியான்டி கிளாசிக்கோ என்று பெயர் பொறிக்க வேண்டுமானால் குறைந்தது 80 விழுக்காடு சாஞ்சோவேசே என்னும் திராட்சை இருந்தாக வேண்டும். புட்டியின் கழுத்தில் காணும் கருஞ்சேவலுக்கும் ஒரு கதை உண்டு. எல்லைத் தகராற்றைத் தீர்க்க, சேவல் கூவியதும் இரு நகரங்களிலிருந்தும் ஒவ்வொரு குதிரை வீரன் புறப்படுவது, இருவரும் சந்திக்கும் இடமே எல்லை என்று ஏற்பாடாயிற்றாம். பட்டினி போடப்பட்ட புளோரன்ஸின் கருஞ்சேவல் விடியுமுன்பே கூவிவிட, புளோரன்ஸுக்கு நிலம் மிகுதியாகக் கிடைத்ததாம்.

இவற்றையெல்லாம் விடப் பெரியவரின் மனத்தில் பதிந்தது மற்றொன்று. ஊர் திரும்பியபின் மீதமிருந்த யூரோவை மாற்ற வந்தபோது அவரே சொன்னார்: "சார், அந்தக் கல் வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் வாரக் குடிகளாம். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. என் அப்பாவும் அப்படித்தான் சாகுபடி செய்தார்."

உண்மைதான். மெட்சாத்ரியா என்ற பெயரில் பல நூற்றாண்டுகள் நிலவிய அந்த வார முறையில் விளைச்சல் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உழவர்கள் கூட்டங்கூட்டமாக ஆலைகளுக்குப் போனார்கள். கல் வீடுகள் பாழடைந்தன. 1964ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. 1985இல் வந்த மற்றொரு சட்டம், உழவுத் தொழிலைக் கைவிடாமலே விருந்தினரை ஏற்று உணவும் தங்குமிடமும் அளிக்க உழவருக்கு வழிசெய்தது. இன்று நாம் வியந்து பார்க்கும் அந்த நாடு, மக்கள் விட்டுப்போய், பிறகு மீட்டெடுக்கப்பட்ட நாடு. மீட்டெடுத்த பணத்தில் ஒரு பகுதி, வந்து பார்த்தவர்கள் கொடுத்த பணம்.

மது தொடாத ஒருவர், திராட்சை நாட்டிலிருந்து தம் தந்தையின் வாழ்க்கையைப் புரிந்துகொண்டு திரும்பினார். 15,000 ரூபாய்க்கு அவர் வாங்கியது அந்தப் புரிதலை. பேருந்தின் சன்னல் வழியே அது கிடைத்திராது.

அன்று நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "குடகுக்குப் போயிருப்பீர்களே?"

பத்து முறைக்கு மேல் போயிருக்கிறார்கள். அருவி பார்த்தார்கள், யானை முகாம் பார்த்தார்கள், தலைக்காவிரியில் நீராடினார்கள். காப்பித் தோட்டத்தினுள்? ஒருமுறை ஒரு தோட்டத்து வாசலில், சுற்றிக் காட்ட ஆளுக்கு 300 ரூபாய் என்றார்களாம். "செடியைப் பார்க்கக் காசா என்று திரும்பி வந்துவிட்டோம்" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டுத் தாமே சிரித்தார்.

நானும் சிரித்தேன், ஏனெனில் நானும் அப்படித் திரும்பி வந்தவன்தான்.

ஹெப்பாளிலிருந்து ஹுன்சூர் சாலையைப் பிடித்தால் ஏறக்குறைய 120 கிலோமீட்டரில் மடிக்கேரி. விடியற்காலை புறப்பட்டால் இரவு உணவுக்கு வீடு திரும்பிவிடலாம். ஹுன்சூர், பிரியாபட்டணா வரை புகையிலை வயல்கள். குஷால்நகரில் காவிரியைக் கடந்ததும் சாலையின் இருபுறமும் காப்பி. இந்தியக் காப்பியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இந்த ஒரு மாவட்டம் தருகிறது. குடகு அராபிக்காவுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கியான்டிக்கு இருப்பவை எல்லாம் இங்கும் இருக்கின்றன: குன்று, கொடி, பெயர், வரலாறு. கூலி பெற்று அவற்றை எடுத்துச் சொல்பவர்களும், கொடுத்துக் கேட்பவர்களும்தாம் குறைவு.

எடுத்துச் சொல்ல என்ன இருக்கிறது? ஏராளம். வெட்டவெளியில் வளர்க்கும் பிரேசில் நாட்டுத் தோட்டங்களைப் போலன்றி, நம் காப்பி பெரும்பாலும் மர நிழலில் வளர்கிறது. அந்த மரங்களின்மீது மிளகுக் கொடி ஏறுகிறது. ஒரே நிலத்தில் இரண்டு வருமானம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெய்யும் ஒரு கோடை மழை ஆண்டின் விளைச்சலையே தீர்மானிக்கிறது. அம்மழை பெய்த ஒருவார காலத்திற்குப் பின் மல்லிகை போல வெண்மையும் மணமுமாகத் தோட்டம் முழுவதும் பூத்து, இரண்டு மூன்று நாள்களில் வாடிவிடும். பழத்தின் தோலை நீக்கிக் கழுவி உலர்த்தினால் பார்ச்மென்ட். பழத்தை அப்படியே உலர்த்தினால் செர்ரி. நாளும் இரண்டு வேளை காப்பி அருந்தும் நம்மில் எத்தனை பேருக்கு இந்த வேறுபாடு தெரியும்?

வங்கி அலுவலர் என்ற முறையில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இதற்கு அடுத்தது. 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காப்பி வாரியம் விளைச்சலைத் திரட்டி விற்றுவந்தது. 1990களில் அம்முறை படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் விவசாயிக்கு முழு விற்பனை உரிமை கிடைத்தது. உரிமையோடு ஊசலாட்டமும் வந்தது. அராபிக்காவின் விலைக்கு நியூயார்க் சந்தையும், ரோபஸ்டாவின் விலைக்கு லண்டன் சந்தையும் அளவுகோல்கள். நாட்டின் காப்பி விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் 10 ஹெக்டேருக்கும் குறைவான நிலமுடையவர்கள். விலை ஏறிய ஆண்டில் கடன் அடைகிறது. இறங்கிய ஆண்டில் மறுபடியும் ஏறுகிறது. இத்தகைய விவசாயிக்கு நியூயார்க்கோ லண்டனோ விலை குறிக்காத வருமானங்கள் மிகச் சில. தோட்டத்தைச் சுற்றிக் காட்டிப் பெறும் கூலி அவற்றுள் ஒன்று.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். காப்பி கட்டுப்படியாகாத தோட்டம் வெறுமனே கிடப்பதில்லை. நிழல் மரங்கள் விலைபோகின்றன, நிலம் மனைகளாகிறது. காவிரி பிறப்பது இந்த மாவட்டத்தில். இம்மரங்களின் அடியில் ஊறும் நீர்தான் கிருஷ்ணராஜசாகர் வழியாக மேட்டூரையும், பெரியவரின் தந்தை வாரம் அளந்த வயலையும் சென்றடைகிறது. குடகில் ஒரு தோட்டம் தோட்டமாகவே நீடிப்பது தஞ்சை மாவட்டத்தின் சொந்த விவகாரமும் ஆகும்.

எதிர்வாதம் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "சுற்றுலாவால்தானே குடகு கெட்டது?" என்பர். வார இறுதிகளில் மடிக்கேரிச் சாலையில் நிற்கும் வண்டி வரிசையையும், பள்ளத்தாக்குகளில் வீசப்பட்ட நெகிழிக் குப்பையையும் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். 2018 ஆகஸ்டில் பெருமழையும் நிலச்சரிவும் அம்மலைகளைப் புரட்டிப்போட்டபின், மலைகளின் தாங்குதிறன் பற்றிய கவலை இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் நூறு வண்டிகளில் வந்து, படம் பிடித்து, தேநீர்க் கடையில் மட்டும் செலவிட்டுத் திரும்புவது ஒரு வகை. நான்கு பேர் ஒரு வண்டியில் வந்து, ஒரே தோட்டத்தில் மூன்று மணி நேரம் நடந்து, சொல்பவருக்குக் கூலி கொடுத்து, அங்கேயே காப்பித்தூள் வாங்கித் திரும்புவது வேறு வகை. முதல் வகை பெருகினால் மலை தேயும். இரண்டாம் வகைக்கு மலை மலையாக இருந்தால்தான் பிழைப்பு. நான் பரிந்துரைப்பது கூட்டத்தைக் கூட்டுவதையன்று; கூட்டத்தில் ஒருவராகப் போவதைக் கைவிடுவதை.

இனி, பயணம் போகவிருப்போருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்.

இத்தாலி செல்வோர், முன்பதிவுக்கு முன்பே மூன்று கேள்விகளை எழுத்து வடிவில் கேட்டு விடை பெறுங்கள். உடன் வருபவர் உரிமம் பெற்ற வழிகாட்டியா, ஆங்கிலம் பேசும் ஓட்டுநர் மட்டுமா? சுவைப்புக் கட்டணமும் மதிய உணவும் தொகையில் அடங்குமா? பயணத்தை ரத்துசெய்தால் எவ்வளவு திரும்பும்? மது அருந்தாதவர்கள் அதை முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் ஒலிவ எண்ணெய், பாலாடைக் கட்டி போன்றவற்றைச் சுவைக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்கலாம். சுவைத்ததை விழுங்காமல் உமிழ்வதும் அங்கே மரபுதான். அதற்கெனத் தனிக் கலம் வைத்திருப்பார்கள்.

அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயல்படுத்திய பின்னரே விமானம் ஏறுங்கள். கடைக்காரர் "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்டால் யூரோ என்றே சொல்லுங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதல் தொகை சேர்ந்துவிடும். சுற்றுலாத் தொகுப்பின்மீது பிடிக்கப்படும் டிசிஎஸ் தொகையை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். அதன் விகிதம் அவ்வப்போது மாறுவதால் பணம் செலுத்துமுன் கிளையில் கேட்டறியுங்கள். விடுமுறைக்காகத் தனிநபர் கடன் வாங்குவதைவிட, ஓராண்டு முன்பே தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்குவது நன்று. பார்த்து முடித்த காட்சிக்கு மாதத் தவணை கட்டுவது கசப்பானது.

குடகு செல்வோருக்கு இத்தனை குறிப்புகள் தேவையில்லை. வார நாளில் செல்லுங்கள். தோட்டத்துக்கு முன்னதாகவே தொலைபேசியில் தெரிவியுங்கள். தோட்டத் தொழிலாளரிடையே தமிழ் பேசுவோரும் உண்டு. முப்பது பருவம் பழம் பறித்த ஒருவர் உடன் நடந்தால் அவரைவிடச் சிறந்த வழிகாட்டி கிடையாது. அவர் சொல்லும் கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள். தோட்ட உரிமையாளர்களான நம் வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கட்டணத்தை வாசலில் எழுதி வையுங்கள், அதில் ஒரு பங்கு சுற்றிக் காட்டியவரின் கைக்கே போய்ச் சேரட்டும்.

பயணச் செலவுத் திட்டம் எழுதும்போது நாம் முதலில் எழுதுவது பயணச்சீட்டு, அடுத்து விடுதி, பிறகு உணவு. வழிகாட்டி கடைசி வரியில் வருவார். தொகை மிஞ்சினால் முதலில் அடிபடுபவரும் அவரே. அடுத்த முறை, இத்தாலிக்கானாலும் குடகுக்கானாலும், அந்த வரியை முதலில் எழுதிப் பாருங்கள். மற்றவற்றை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.