டிராக்டர் கொக்கியின் சத்தமும் உடையவர் கடமையும்

பார வண்டி ஓட்டிய குடியானவர்கள் சக்கரத்தின் ஓசையைக் கொண்டே அச்சின் நிலையை அறிந்து வந்தனர். வைக்கோற்கரியை விளக்கெண்ணெயிற் குழைத்திட்ட மசகு வற்றினால் ஒருவிதக் கீச்சொலியும், கடையாணி தேய்ந்தால் வேறுவிதத் தடதடப்பும் உண்டாகும். ஓசை மாறியதும் வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்ப்பது அந்நாளைய வழக்கம். இப்பொழுது அவ்வண்டிகளின் வேலையைப் பெரும்பாலும் டிராக்டரும் அதன் பின்னே இழுக்கப்படும் டிரெய்லரும் செய்கின்றன. யந்திரத்தின் இரைச்சல் மிகுதியாகையால் கொக்கியில் எழும் சத்தம் ஓட்டுநரின் செவிக்கு எளிதில் எட்டுவதில்லை. எட்டினாலும், டிரெய்லர் என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்ற விடையோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இவ்விடை முற்றிலும் பொய்யன்று. டிராக்டரின் பின்புறமுள்ள இரு தாடைகளுக்கு நடுவே டிரெய்லரின் இழுவைச் சட்டத்து வளையம் நுழைய, மேலிருந்து ஓர் ஆணி இறக்கப்படுகிறது. வரப்பு ஏறி இறங்கவும் முனை திரும்பவும் வேண்டியிருப்பதால், ஆணியைக் காட்டிலும் வளையத்தின் துவாரம் சற்றுப் பெரிதாகவே அமைக்கப்பட்டுள்ளது. அவ்வளவிலே சிறு கிணுகிணுப்பு இயல்பானதே. ஆனால் ஆணியும் வளையமும் தேயத் தேய அவ்விடைவெளி பெருகுகிறது. டிராக்டர் பிரேக் பிடிக்கும்போது, தனக்கெனப் பிரேக் இல்லாத டிரெய்லர் அவ்விடைவெளி முழுவதும் முன்னோக்கி ஓடிவந்து ஆணியின்மேல் மோதுகிறது. இடைவெளி இரட்டித்தால் அவ்வடியின் ஆற்றலும் ஏறக்குறைய இரட்டிக்கும். அடி பலத்தால் தேய்வு விரையும். தேய்வு விரைந்தால் அடி இன்னும் பலக்கும். ஆகையால் சத்தம் உண்டா இல்லையா என்பதைவிட, சென்ற மாதத்துச் சத்தத்திற்கும் இம்மாதத்துச் சத்தத்திற்கும் பேதம் உண்டா என்று கேட்பதே பொருத்தமாகும்.

பாரம் ஏற்றியதும் சத்தம் அடங்கிவிடுகிறது, ஆகவே குற்றமில்லை என்று கூறுவோர் பலர். இது பெரும் மயக்கம். கரும்போ நெல்மூட்டையோ ஏற்றியபின், அதன் நிறை வளையத்தை ஆணியின் ஒரு பக்கமாகவே அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. சமதரையில் சீராகச் செல்லும்வரை ஆடுவதற்கு அதற்கு இடமில்லை. தேய்வு நீங்கிவிடவில்லை, மறைந்திருக்கிறது. முழுப் பாரமும் அந்தத் தேய்ந்த இரும்பின்மேலேயே நிற்கிறது. மேட்டிலிருந்து இறங்குகையிலும், குறுக்கே மாடு வந்து திடீரென நிறுத்துகையிலும் மறைந்திருந்த இடைவெளி ஒரே அடியாக வெளிப்படும். எனவே கொக்கியைப் பரீட்சிக்க விரும்புவோர் வெறும் டிரெய்லரைக் கொண்டே பரீட்சிக்க வேண்டும்.

சத்தம் எப்பொழுது எழுகிறது என்பதைக் கொண்டு காரணத்தைப் பெரும்பாலும் ஊகிக்கலாம். புறப்படும்போதும் நிற்கும்போதும் மட்டும் 'டங்' என்று ஓரடி கேட்டால் குற்றம் ஆணியிலோ வளையத்திலோ உள்ளது. திரும்பும்போது முனகுவதுபோல் கேட்டால் உராயும் இடம் வறண்டுள்ளது. நான்கு சக்கர டிரெய்லராயின் முன்னச்சின்மேல் உள்ள சுழல்தட்டையும் பார்க்க வேண்டும். கரடுமுரடான பாதையில் ஓயாது கடகடத்தால், கொக்கியை டிராக்டரோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கக்கூடும். வில்பட்டைகளின் ஓசையும் சிற்சில சமயம் கொக்கியின் ஓசைபோலத் தோன்றி ஏமாற்றுவதுண்டு.

பரீட்சைக்குப் பட்டறை வேண்டியதில்லை. சமதரையில் யந்திரத்தை நிறுத்தி, கைப்பிரேக் இட்டு, டிராக்டரின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுக்க வேண்டும். இருவர் டிரெய்லரின் பின்னே நின்று அதை முன்னும் பின்னும் அசைக்க, மற்றொருவர் பக்கவாட்டில் விலகி நின்று கொக்கியைக் கவனிக்கலாம். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஒருவரும் நிற்றல் ஆகாது. விரலைத் துவாரத்தருகே கொண்டுபோதலும் ஆகாது. பிறகு டிரெய்லரின் சக்கரங்களுக்கும் கல் கொடுத்து, இழுவைச் சட்டத்தின் அடியில் முட்டு வைத்தபின் ஆணியைக் கழற்றிப் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுச் சமமான கல்லின்மேல் உருட்டிப் பார்க்க வேண்டும். வளைந்த ஆணி தத்தித் தத்தி உருளும். வளையம் உட்காரும் நடுப்பாகம் மேற்பாகத்தைக் காட்டிலும் ஒடுங்கியிருப்பது விரலால் தடவினாலே தெரியும். போல்ட்டின் தலையிலிருந்து தகட்டின்மேல் வரும்படி ஒரு சுண்ணாம்புக் கோடு இழுத்துவிட்டு ஒரு நாள் வேலைக்குப் பின் பார்த்தால், கோடு முறிந்திருக்கும் போல்ட்டே தளர்ந்த போல்ட்டு.

இனி, வழக்கத்திலுள்ள பரிகாரங்களைப்பற்றிச் சொல்லவேண்டியது உண்டு. பழைய டயரின் துண்டை இடுக்கில் திணித்து ஓசையை அடக்குவது ஒன்று. கட்டடக் கம்பியை வெட்டி ஆணியாக இறக்குவது மற்றொன்று. தேய்ந்த ஆணியின்மேல் வெல்டிங் வைத்துப் பருமனாக்குவது மூன்றாவது. முதலாவது காதை மட்டும் ஏமாற்றுகிறது. கட்டடக் கம்பி சுவருக்குள் இழுவையைத் தாங்கச் செய்யப்பட்டதேயன்றிக் குறுக்கடியைத் தாங்கச் செய்யப்பட்டதன்று. அதன் முடிச்சுகள் வளையத்தை அரம்போல் அறுக்கவும் செய்யும். வெல்டிங் சூட்டால் ஆணியின் இரும்பு பற்றவைத்த ஓரத்தில் நொறுங்குந்தன்மை அடைந்து, முன்னறிவிப்பின்றி முறியக்கூடும். கிரீஸ் நல்லதே, ஆயினும் மண்கலந்த பழைய கிரீஸின்மேல் புதிதாகப் பூசுவது சாணைக்கல்லுக்கு நீர் விடுவதைப் போன்றது. துடைத்துவிட்டே பூச வேண்டும். தேய்ந்த ஆணிக்கு மாற்று, அதே அளவுள்ள உரிய எஃகு ஆணியும் அதன் அடியில் செருகும் லாக் பின்னுமே. லாக் பின் தொலைந்தால் சாக்குக்கயிற்றைக் கட்டி ஓட்டுவது காணச் சகிக்காத காட்சி.

பாரம் ஏற்றும் முறையும் கொக்கியின் ஆயுளைப் பாதிக்கிறது. இரு சக்கர டிரெய்லரில் கரும்பைப் பின்னோக்கி நீளவிட்டு ஏற்றினால் சட்டத்தின் முனை மேலெழும்பி ஆணியைத் தூக்கியடிக்கும். டிராக்டரின் பின்சக்கரங்களுக்குப் பிடிமானமும் குறையும். முன்புறமே குவித்தாலோ டிராக்டரின் முன்சக்கரங்கள் இலேசாகித் திருப்பும் வசம் போய்விடும். வளையம் தேய்ந்துவிட்டதென்று டிரெய்லரை மேல்கம்பி பூட்டும் இடத்தில் கட்டி இழுப்பவர்களும் உளர். இது எல்லாவற்றிலும் கொடியது. இழுக்கும் இடம் பின்னச்சுக்கு மேலே அமைந்தால் டிராக்டர் முன்புறம் தூக்கிப் பின்னோக்கிக் கவிழும்.

கொக்கி விடுபட்டால் நேருவது யாது? டிரெய்லருக்குத் திசையும் இல்லை, தடையும் இல்லை. பாரத்தின்மேல் அமர்ந்து வரும் கூலிப்பெண்களும், இழுவைச் சட்டத்தின்மேல் நின்று வரும் சிறுவர்களும், பின்னே வரும் சைக்கிள்காரரும் அதன் வழியில் அகப்படுவர். ஆட்களை ஏற்றவே கூடாதென்பது வேறு விஷயம். ஏற்றுகிறார்கள் என்பது யாவரும் அறிந்தது. கொக்கியோடு கூடப் பாரத்தைத் தாங்கக்கூடிய சங்கிலி ஒன்றைத் தனியே பிணைத்திருந்தால், ஆணி முறிந்தாலும் டிரெய்லர் தறிகெட்டு ஓடாது.

இவ்விஷயத்தில் ஓட்டுநரையே குறை கூறுவது நியாயமாகத் தோன்றவில்லை. நாட்கூலிக்கு ஓட்டுபவர் நடைக்கணக்கைப் பார்க்கிறார். ஆணி மாற்ற அரைநாள் வண்டி நின்றால் அவர் கூலியே குறைகிறது. அந்த அரைநாள் கூலியையும் ஆணியின் விலையையும் தர வேண்டியவர் வண்டிக்கு உடையவர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. டிராக்டருக்குப் பதிவு இருப்பதால் டிரெய்லருக்கு வேண்டாமென்று எண்ணுதல் தவறு. வாடகைக்கு வண்டி அமர்த்தும் நிலக்காரரும், பாரம் ஏற்றுமுன் ஆணியைக் கழற்றிக் காட்டும்படி கேட்கலாம். கேட்பதில் அவமதிப்பு ஒன்றுமில்லை.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு வண்டியை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரம் இல்லையென்பது மெய். ஆனால் எவ்வூரில் எவரிடம் எத்தனை டிரெய்லர்கள் உள்ளன என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் இலர். அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபை கூடும்பொழுது, கரும்பு வெட்டு மும்முரமாவதற்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும். அன்று ஊர்ப் பொதுவிடத்தில் வெறும் டிரெய்லர்களை வரிசையாக நிறுத்தி, ஆணிகளைக் கழற்றிக் கல்லில் உருட்டிப் பார்க்க ஒரு முற்பகல் போதுமானது.