படம் இருக்கிறது, கட்டிவிடு!

வேகக் கேமராவில் சிக்கி சலான் வந்தவருக்கு உடனே கிடைக்கும் அறிவுரை இது: "மெஷின் பொய் சொல்லாது. ஆயிரம் ரூபாய்தானே, கட்டிவிட்டு வேலையைப் பார்." இதைச் சொல்பவர்களில் போலீஸாரைவிட நண்பர்களே அதிகம்.

மெஷின் பொய் சொல்லாதுதான். ஆனால் எதை அளந்தது? ரேடார் கற்றை தூரம் போகப்போக விரியும். ஸ்கூட்டரை ஒட்டி லாரி போனால், லாரியின் பெரிய உலோகப் பரப்பில் பட்ட எதிரொலியே வலுவாகத் திரும்பும். படத்தில் இரண்டுமே இருக்கும். அடுத்து, எண் பலகையை மென்பொருள் படிக்க வேண்டும். சேறு படிந்த 8 அதற்கு 3 ஆகலாம். உங்கள் எண்ணை வேறொருவர் போலியாக மாட்டியிருந்தால் மென்பொருள் பிழையில்லாமல் படிக்கும், சலான் மட்டும் தவறான வீட்டுக்கு வரும். வண்டியின் நிறமும் மாடலும் உங்களுடையவைதானா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் பணம் கட்டுவானேன்?

விற்ற வண்டிக்கு வரும் சலான் தனிக் கதை. அங்கே கேமராமீது குறையில்லை, ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுத்தவர்மீதுதான் குறை. பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர் என்று விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது.

வேக வரம்பை வைப்பதும் மெஷின் அல்ல. 2023 ஜூனில் சென்னையில் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினாலே அபராதம் என்றார்கள், எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டு நவம்பரில் கார்களுக்கு 60, பைக்குகளுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40 என்று மாறியது. ஜூனில் குற்றமாக இருந்த வேகம் நவம்பரில் குற்றமில்லை.

சட்டமே கேமராவைக் கண்மூடி நம்பவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்ந்த 167ஏ விதி, கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும் என்கிறது. கண்காணிக்கும் சாலையில் எச்சரிக்கைப் பலகையும் வைக்கச் சொல்கிறது. அரசே தனக்கு விதித்துக்கொண்ட நிபந்தனைகளைக் கேட்பதில் நமக்கென்ன கூச்சம்?

"ஆயிரம் ரூபாய்தானே" என்பதும் அரைகுறைக் கணக்கு. காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 வரை. அதே குற்றத்தில் மறுமுறை சிக்கினால் ஓட்டுநர் உரிமத்தையே கைப்பற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவு வழிசெய்கிறது. வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அது சோற்றுப் பிரச்சினை.

கேமராவே கூடாது என்பவர்களோடு நான் சேரமாட்டேன். 35 ஆய்வுகளைத் திரட்டிய காக்ரேன் அமைப்பின் 2010 மதிப்பாய்வில், கேமரா உள்ள இடங்களின் அருகே விபத்துகள் 8 முதல் 49 சதவீதம் வரை குறைந்திருந்தன. தள்ளுபடி வரட்டும் என்று லோக் அதாலத்துக்காகச் சலான்களைச் சேர்த்து வைப்பவர்களும் என் கட்சி இல்லை. வேகமாகப் போனது உண்மையென்றால் கட்டத்தான் வேண்டும்.

உண்மையா என்று பார்க்க வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொடாதீர்கள். சலான் பெயரில் ஏ.பி.கே. கோப்பு அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைக்கும் கும்பல்கள் உண்டு. பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் படம், இடம், நேரம் மூன்றையும் சரிபாருங்கள். பொருந்தாவிட்டால் அங்கேயே புகார் பதியலாம். மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்ட சலானையும் எதிர்க்க வழியுண்டு; அப்போது அது வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும்.